கர்னலின் ஃபைல் சிஸ்டம் கோடைச் சாதாரண புரோகிராமாக ஓட்டிச் சோதிப்பது எப்படி

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஃபைல் சிஸ்டம் கோடைச் சோதிக்க ஒரே ஒரு மெஷின்தான் இருந்தது. இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடும் கோடு என்பதால், ஒரு பாயின்டர் தவறினால் போதும், மெஷின் அப்படியே உறைந்துவிடும். இரண்டு மாடி இறங்கிப் போய்ப் பவர் பட்டனை அழுத்திவிட்டுத் திரும்பி வந்து லாகின் ஆவதற்குள் ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். நாளடைவில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது: மாற்றம் சின்னதாக இருந்தால் சோதிக்காமலே விட்டுவிடுவேன். அடுத்தவர்களுடைய டேட்டாவைப் பாதுகாக்கும் கோடு அது. அதை எழுதுகிறவனுக்கு இந்தப் பழக்கம் வரக்கூடாது.

இப்போது அதே மாதிரி கோடு என் லேப்டாப்பில் சாதாரண புரோகிராமாக ஓடுகிறது. விழுந்தால் ஒரு கோர் டம்ப், அதாவது விழுந்த கணத்தின் நினைவகப் பதிவு, கிடைக்கும். அடுத்த நொடியே மறுபடி ஓட்டலாம். அந்த நிலைக்கு வந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். சி தெரிந்து, ஒருமுறையாவது கர்னலை கம்பைல் செய்து பார்த்தவர்களுக்கு இது போதுமானதாக இருக்கும். பெயர்களையும் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு மினிக்ஸ் ஃபைல் சிஸ்டத்தை எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ் முதன்முதலில் பயன்படுத்தியது அதைத்தான். இன்றும் கர்னலில் 'எஃப்எஸ்/மினிக்ஸ்' என்ற ஃபோல்டரில் சில சி ஃபைல்களாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முழுவதும் படித்துவிடலாம். லினக்ஸில் பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4ஐ வைத்துத் தொடங்கினால், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் அதன் ஜர்னலுக்குள் நுழைந்ததும் வழி தவறிவிடும்.

முதலில் யூஎம்எல்

யூசர் மோட் லினக்ஸ் என்பது முழு கர்னலையும் ஒரே எக்ஸிக்யூட்டபிளாகக் கட்டித் தரும். ஜெஃப் டைக் 1999இல் தொடங்கியது, 2.6 கர்னலிலிருந்து மூலக் கோடிலேயே இருக்கிறது. உங்கள் கோடை ஒரு வரிகூட மாற்ற வேண்டாம் என்பதால் எப்போதும் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

கர்னல் சோர்ஸுக்குள் போய், மேக் கட்டளைக்கு 'ஆர்க்=யூஎம்' என்று கொடுத்து டெஃப்கான்ஃபிக் போடுங்கள். மெனுகான்ஃபிக்கில் மினிக்ஸ் ஃபைல் சிஸ்டத்தையும் டீபக் தகவலையும் இயக்குங்கள். மாட்யூலாக வைக்காமல் உள்ளேயே கட்டிவிடுங்கள். அப்புறம் மறுபடி 'ஆர்க்=யூஎம்' கொடுத்து மேக். இங்கே ஒரு பொறி உண்டு: ஏதாவது ஒரு தடவை 'ஆர்க்=யூஎம்' போட மறந்துவிட்டால், அதே கான்ஃபிக் ஃபைலை எக்ஸ்86க்கானதாக நினைத்து மாற்றி எழுதிவிடும். அதற்காகவே 'ஓ=' கொடுத்து யூஎம்எல்லுக்குத் தனி ஃபோல்டர் வைத்திருக்கிறேன்.

முடிந்ததும் 'லினக்ஸ்' என்ற பெயரில் ஒரு ஃபைல் கிடைக்கும். அதை ஓட்டும்போது நினைவக அளவு, ரூட், சோதனை இமேஜ் மூன்றையும் சொல்ல வேண்டும். ரூட்டுக்கு ஹோஸ்ட்எஃப்எஸ் வசதியானது. உங்கள் மெஷினின் ஃபைல்களையே உள்ளே காட்டும். ஆனால் முதலில் படிக்க மட்டும் என்று வைத்துத் தொடங்குங்கள். எழுத அனுமதி கொடுத்தால், உள்ளே அழிக்கும் ஃபைல் வெளியே உங்கள் ஹோம் ஃபோல்டரிலிருந்தே அழிந்துபோகும். சோதனை இமேஜை 'யூபிடி0=' என்று கொடுத்தால் உள்ளே அது யூபிடிஏ என்ற டிஸ்க்காகத் தெரியும். சமக்குறிக்குப் பின் இரண்டு பெயர்களைக் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால், மாற்றங்கள் எல்லாம் முதல் ஃபைலுக்குப் போகும். இரண்டாவதாக இருக்கும் மூல இமேஜ் தொடப்படாமல் இருக்கும். கெட்டுப்போன இமேஜை வைத்துத் துப்பறியும்போது இது பெரிய உதவி.

ஜிடிபி என்ற டீபக்கர் நேரடியாக வேலை செய்யும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: யூஎம்எல் பேஜ் ஃபால்ட்டுக்கு சிக்செக்வி சிக்னலைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் அந்த சிக்னலுக்கு நிற்காதே, அச்சிடாதே, கடத்திவிடு என்று ஜிடிபியிடம் சொல்லிவிட்டு 'மினிக்ஸ்_ஃபில்_சூப்பர்' மேல் பிரேக்பாயின்ட் வையுங்கள். சொல்லாவிட்டால் தொடங்கிய கணத்திலிருந்து நூறு தடவை நிற்கும். கோடில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எக்ஸ்ட்4இல் வேலை செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். அதன் ஜர்னல் வழக்கமாக 5 நொடிக்கு ஒருமுறை கமிட் ஆகும். யூஎம்எல்லில் டைம்-டிராவல் என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கினால் கர்னல் சும்மா காத்திருக்கும் நேரம் நொடியில் கடந்துவிடும். கமிட்டுக்காகக் காத்திருக்கும் சோதனைகளை வரிசையாக ஓட்டும்போது அருமை புரியும்.

நடுவில் எல்கேஎல்

லினக்ஸ் கர்னல் லைப்ரரி, சுருக்கமாக எல்கேஎல், கர்னலை ஒரு லைப்ரரியாக மாற்றித் தருகிறது. ருமேனியாவில் ஆக்டேவியன் பர்டிலாவும் உடன் இருந்தவர்களும் 2010இல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். மூலக் கர்னலில் சேரவில்லை. தனியாகத்தான் எடுத்துக் கட்ட வேண்டும். உங்கள் சி புரோகிராமிலிருந்தே கர்னலைத் தொடங்கி, ஒரு இமேஜை டிஸ்க்காகச் சேர்த்து, மவுண்ட் செய்து, ஃபைல் திறக்கலாம். கூடவே வரும் எல்கேஎல்ஃபியூஸ் என்ற கருவி, சாதாரண புரோகிராமே ஃபைல் சிஸ்டமாக இயங்க உதவும் ஃபியூஸ் வழியாக, இமேஜை ரூட் அனுமதி இல்லாமலே மவுண்ட் செய்து தரும். நம்ப முடியாத பென்டிரைவ் இமேஜ்களைத் திறக்க நான் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறேன். இமேஜ் கோணலாக இருந்தால் விழுவது ஒரு புரோசஸ் மட்டும்தான்.

நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சிரமமே இல்லை. ஆன்டி கான்டி உருவாக்கிய ரம்ப் கர்னல் அங்கே மூலக் கோடிலேயே இருக்கிறது. கர்னலின் ஃபைல் சிஸ்டத்தை மாற்றாமல் யூசர்ஸ்பேஸில், அதாவது கர்னலுக்கு வெளியே சாதாரண புரோகிராமாக, ஓட்டுவது பற்றி 2009 யூசெனிக்ஸ் மாநாட்டில் அவர் எழுதியதைப் படித்த பிறகுதான், எதை ஷிம்மாக, அதாவது கர்னலுக்கு மாற்றாக நாமே, எழுத வேண்டும், எதைத் தொடக்கூடாது என்ற தெளிவு எனக்கு வந்தது.

சொந்த ஷிம்

யூஎம்எல்லும் எல்கேஎல்லும் முழு கர்னலைத் தூக்கி வருகின்றன. ஒரு ஃபங்ஷனை மட்டும் பிடித்து லட்சம் தடவை ஓட்ட வேண்டும் என்றால் அது அதிகம். அங்கேதான் ஷிம். ஃபைல் சிஸ்டம் கோடு கூப்பிடும் கர்னல் ஃபங்ஷன்களுக்கு நாமே எழுதும் மாற்று அது. பெரிய ஃபைல் சிஸ்டங்கள் இந்த வழியில் வெகுதூரம் போயிருக்கின்றன. இசட்எஃப்எஸ்ஸின் இசட்டெஸ்ட், கர்னலுக்குள் ஓடும் அதே கோடை யூசர்ஸ்பேஸில் ஓட்டி, இடையில் எதிர்பாராத நேரத்தில் தன்னையே கொன்று, பிறகு டிஸ்க் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. எக்ஸ்எஃப்எஸ்ஸின் ரிப்பேர் கருவியும் கர்னலும் லிப்எக்ஸ்எஃப்எஸ் என்ற ஒரே கோடைப் பகிர்கின்றன.

மினிக்ஸில் 'பிட்மேப்' ஃபைலில் தொடங்குங்கள். காலி பிளாக் தேடி ஒதுக்குவதும் விடுவிப்பதும் அங்கேதான் நடக்கிறது. அந்த ஃபைலைக் காப்பி எடுக்காதீர்கள். உள்ளே இஃப்டெஃப் எதுவும் போடாதீர்கள். கர்னல் மரத்தில் அது இருக்கும் இடத்திலிருந்தே கம்பைல் செய்யுங்கள். 'இன்க்ளூட்' பாதையில் உங்கள் ஷிம் ஃபோல்டர் முதலில் வரட்டும். அதற்குள் 'லினக்ஸ்/பஃபர்_ஹெட்', 'லினக்ஸ்/எஃப்எஸ்' என்ற அதே பெயர்களில் உங்கள் சொந்த ஹெட்டர்களை வையுங்கள். கோடு கேட்பது கர்னல் ஹெட்டரை, கிடைப்பது உங்களுடையது.

இங்கே ஒரு முழு மாலையை நான் இழந்திருக்கிறேன். ஷிம்மில் 'லினக்ஸ்/ஷெட்' ஹெட்டரை எழுதாமல் விட்டிருந்தேன். கம்பைலர் இல்லை என்று சொல்லவே இல்லை. யூஎஸ்ஆர் இன்க்ளூடுக்குள், சியின் அடிப்படை லைப்ரரியான லிப்சியோடு வந்த அதே பெயருடைய வேறொரு ஹெட்டர் இருக்கிறது. அமைதியாக அதை எடுத்துக்கொண்டது. 'லினக்ஸ்/எஃப்எஸ்'ஸுக்கும் அதே கதைதான். எந்த ஹெட்டர் எங்கிருந்து வருகிறது என்று ஜிசிசியின் பெரிய எச் ஆப்ஷனை வைத்து ஒருமுறை அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.

லிஸ்ட், ஆர்பி-ட்ரீ, பிட்மேப் போன்ற பொது ஹெட்டர்களை நீங்கள் எழுத வேண்டாம். கர்னல் மரத்தில் 'டூல்ஸ்/இன்க்ளூட்' என்ற ஃபோல்டரில் யூசர்ஸ்பேஸுக்கு ஏற்றபடி அவை ஏற்கெனவே இருக்கின்றன. பெர்ஃப் கருவிக்காக வைத்தது. கர்னல் கோடு ஜிபிஎல் பதிப்பு 2 என்பதால், இப்படிக் கட்டும் கருவியை வெளியே கொடுத்தால் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்து லிங்க் செய்யுங்கள். தோற்கும். தோற்கட்டும்: காணாத பெயர்கள் எல்லாம் பட்டியலாக வரும். ஒவ்வொன்றுக்கும் தன் பெயரை அச்சிட்டு அபார்ட் ஆகும், அதாவது புரோகிராமை உடனே நிறுத்தும், வெற்று ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். புரோகிராம் எதில் போய் இடிக்கிறதோ அதை மட்டும் நிஜமாக எழுதுங்கள். இப்படிப் போனால் பிளாக் ஒதுக்கும் பகுதிக்கு நிஜமாகத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம்: சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புத் தகவல்), ஐநோட் (ஒரு ஃபைலின் விவரம்), பஃபர் ஹெட் (நினைவகத்தில் இருக்கும் டிஸ்க் பிளாக்) மூன்றுக்கும் சுருக்கமான ஸ்ட்ரக்ட், ஒரு ஸ்பின்லாக் (பிடித்திருக்கும்போது தூங்கக்கூடாத பூட்டு), 'மார்க்_பஃபர்_டர்ட்டி', 'பிரிண்ட்கே', சில பிட் வேலைகள்.

மவுண்ட் வேலையை நானே நாற்பது வரியில் எழுதிக்கொண்டேன். எம்கேஎஃப்எஸ் மினிக்ஸ் கட்டளைக்கு மைனஸ் 2 கொடுத்து 1 எம்பி இமேஜ் செய்தால் 1024 பைட் பிளாக்குகள் 1024 இருக்கும். சூப்பர்பிளாக் 1024ஆவது பைட்டில் தொடங்கும். 1040ஆவது பைட்டிலிருந்து ஹெக்ஸில் பார்த்தால் 78, 24 என்று தெரியும். பின்னிருந்து படித்தால் 2478. முப்பது எழுத்துப் பெயர் உள்ள இரண்டாம் பதிப்பின் அடையாள எண் அது. மொத்தப் பிளாக் எண்ணிக்கையை எடுக்கும்போது கவனம்: இரண்டாம் பதிப்பில் 'எஸ்_என்ஜோன்ஸ்' பூஜ்யமாக இருக்கும், 'எஸ்_ஜோன்ஸ்' என்ற 32 பிட் இடத்தில்தான் எண் இருக்கும். என் இமேஜில் முதல் டேட்டா பிளாக் 26. ஆக 998 டேட்டா பிளாக்; ரூட் டைரக்டரிக்கு ஒன்று போக 997 காலி.

இப்போது முதல் சோதனை. 'மினிக்ஸ்_நியூ_பிளாக்'கை பூஜ்யம் வரும்வரை கூப்பிடுங்கள். சரியாக 997 கிடைக்க வேண்டும். எல்லாவற்றையும் விடுவியுங்கள். பிட்மேப் தொடக்கத்தில் இருந்தபடியே பைட்டுக்குப் பைட் இருக்க வேண்டும். மறுபடி 997 கிடைக்க வேண்டும்.

இந்த எளிய சோதனை என் கையைப் பிடித்துத் தடுத்தது. காலி பிளாக்கை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தேடாமல், கடைசியாக ஒதுக்கிய இடத்திலிருந்து தேடும்படி மாற்றியிருந்தேன். முதல் சுற்றில் 997 வந்தது. விடுவித்த பிறகு இரண்டாம் சுற்றில் பூஜ்யம். காலி எத்தனை என்று கேட்டால் 997 என்கிறது, ஒன்று கொடு என்றால் இல்லை என்கிறது. ஆர்ஆர் என்ற கருவியில் ஓட்டத்தைப் பதிவு செய்து, ஜிடிபியில், கடைசி இடத்தைக் குறித்துவைக்கும் என் மாறியின் மேல் வாட்ச் வைத்துப் பின்னோக்கி ஓடவிட்டேன். கடைசியாக அதில் எழுதப்பட்டது முதல் சுற்றின் 997ஆவது ஒதுக்கலில். கடைசிக்குப் போன தேடல் திரும்பவும் முதலுக்கு வர வேண்டும் என்பதை எழுதவே இல்லை. இதே பிழை நிஜ மெஷினில் வந்திருந்தால், பாதி காலியான டிஸ்க்கில் இடமில்லை என்று யாரோ ஒருவருக்குப் பிழைச் செய்தி வந்திருக்கும், அதுவும் பல வாரம் கழித்து.

ஷிம் கர்னலைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும்

பலரும் ஷிம் எழுதும்போது, கர்னலில் நினைவகம் கேட்கும் கேமலாக்கை சாதாரண மலாக் ஆக்குவார்கள், ஸ்பின்லாக்கை வெறுமையாக்குவார்கள், அத்தோடு விடுவார்கள். கோடு ஓடும், ஆனால் கர்னலில் மட்டுமே வெளிப்படும் பிழைகள் எல்லாம் ஒளிந்துகொள்ளும். கர்னல் சும்மா விட்டுவிடும் தவறைக்கூட ஷிம் பிடித்து நிறுத்த வேண்டும். என் ஷிம்மில் இருப்பவை இவை.

ஸ்பின்லாக் பிடித்தால் ஒரு எண்ணி ஏறும், விட்டால் இறங்கும். எண்ணி பூஜ்யமாக இல்லாதபோது தூங்கக்கூடிய எதையாவது கூப்பிட்டால், அதாவது ஜிஎஃப்பி_கர்னல் கொடுத்து கேமலாக், அல்லது டிஸ்க்கிலிருந்து படிக்கும் எஸ்பி_பிரெட், உடனே அபார்ட். டிரான்சாக்ஷன் நடக்கும்போது ஒரு கொடி ஏறும். அந்த நேரத்தில் ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ், அதாவது ஃபைல் சிஸ்டத்துக்குள் திரும்பி வராதே என்ற குறி, இல்லாமல் நினைவகம் கேட்டாலும் அபார்ட். யூசர்ஸ்பேஸ் மலாக் ஒருபோதும் ஃபைல் சிஸ்டத்துக்குள் திரும்பி வராது. கர்னலில் நினைவகத் தட்டுப்பாடு வந்தால் வரும், வந்து ஒன்றுக்கொன்று காத்து டெட்லாக் ஆகும். கொடி இல்லாவிட்டால் இந்த வகைப் பிழையை ஷிம் காட்டவே காட்டாது.

எஸ்பி_பிரெட்டை மேக்ரோவாக வைத்து, யார் எந்த வரியில் பஃபர் எடுத்தார் என்று குறித்துக்கொள்கிறேன். பஃபரை விடுவிக்கும் பிரெல்ஸ் வந்தால் கணக்கிலிருந்து கழிகிறது. முடிவில் மிச்சம் இருந்தால் ஃபைல் பெயரும் வரி எண்ணும் அச்சாகும். விட்ட பிட்டையே மறுபடி விட்டால் மினிக்ஸ் ஒரு செய்தி அச்சிட்டுவிட்டுப் போய்விடும். என் பிரிண்ட்கே அந்தச் செய்தியைப் பார்த்ததும் நின்றுவிடும். இதெல்லாம் போக, தவறான நினைவக அணுகலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர், சி மொழி வரையறுக்காத செயல்களைப் பிடிக்கும் அன்டிஃபைன்ட் சானிடைசர் இரண்டும் எப்போதும் இயங்கியபடியே இருக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது தோல்வியை நாமே உண்டாக்குவது. இத்தனையாவது நினைவகக் கோரிக்கை தோற்கட்டும், அல்லது இத்தனையாவது பஃபர் கிடைக்காமல் போகட்டும் என்று ஒரு எண் வைத்துக்கொண்டு, அந்த எண்ணை 1, 2, 3 என்று ஏற்றி, ஒன்றுமே தோற்காத ஓட்டம் வரும்வரை சுற்றவிடுவது. மினிக்ஸ் இரண்டாம் பதிப்பில் ஒரு ஃபைலின் முதல் 7 பிளாக்குகளுக்கு நேரடிக் குறிப்பு உண்டு. அடுத்த 256க்கு ஒரு இடைநிலைப் பிளாக். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 263ஆவது பிளாக்குக்கு இரண்டு இடைநிலை வேண்டும். வெற்று ஃபைலில் அந்த 263ஐ மட்டும் கேளுங்கள்: மூன்று பிளாக் ஒதுக்கியாக வேண்டும். நடுவில் எங்கே தோற்றாலும் ஒதுக்கிய அத்தனையும் திரும்ப வர வேண்டும். காலி எண்ணிக்கை 997 ஆக இருக்க வேண்டும். 6, 7, 262, 263 நான்கையும் இப்படி ஓட்டுங்கள். இதே ஒதுக்கும் பாதையில், பஃபர் எடுத்துத் தரும் எஸ்பி_கெட்பிளாக் வெறுங்கையோடு வரலாம் என்பதைச் சரிபார்க்காத இடம் ஒன்று மூலக் கர்னலிலேயே இருந்தது. சிஸ்பாட் என்ற தானியங்கிச் சோதனை பிடித்துக் கொடுத்த பிறகு, 2020இல்தான் திருத்தினார்கள். மேலே சொன்ன சுற்று அதை முதல் நிமிடத்தில் காட்டியிருக்கும்.

எங்கே நிறுத்துவது

டைரக்டரி கோடுக்கு வந்ததும் நான் ஷிம்மை நிறுத்திவிடுவேன். அது, ஃபைல் உள்ளடக்கத்தை நினைவகத்தில் வைத்திருக்கும் கர்னலின் பேஜ் கேஷ் மேல் நிற்கிறது. ஃபோலியோ, மேப்பிங், ரைட்பேக் எல்லாவற்றையும் பொம்மையாக எழுதினால், சோதிப்பது நம் பொம்மையைத்தான். அங்கிருந்து யூஎம்எல்.

ஸ்டாக்கையும் மறக்க வேண்டாம். 64 பிட் எக்ஸ்86 கர்னலில் ஒரு திரெட்டுக்கு 16 கேபி. யூசர்ஸ்பேஸில் வழக்கமாக 8 எம்பி. ஆழமாகத் தன்னைத்தானே கூப்பிடும் ஃபங்ஷன் இங்கே சிரித்துக்கொண்டே ஓடும், அங்கே விழும். ஜிசிசியின் ஸ்டாக்-யூசேஜ் ஆப்ஷன் ஒவ்வொரு ஃபங்ஷனும் எவ்வளவு எடுக்கிறது என்று எழுதிக் கொடுக்கும். சானிடைசர் இல்லாத தனி பில்டு ஒன்றை 32 கேபி ஸ்டாக் கொண்ட திரெட்டிலும் ஓட்டுகிறேன். லிப்சியின் அச்சிடும் ஃபங்ஷன்களுக்கே கொஞ்சம் இடம் வேண்டியிருப்பதால் 16க்கு இறங்குவதில்லை.

பல சிபியு ஒரே நேரத்தில் மோதும் பிழைகளுக்கு இவை எதுவும் போதாது. என்னிடம் இருக்கும் யூஎம்எல் ஒரே சிபியு; எல்கேஎல்லும் அப்படித்தான். அதற்கு கியூஎம்யூ என்ற விர்ச்சுவல் மெஷினில் நான்கு சிபியு கொடுத்து, பூட்டுத் தவறுகளைப் பிடிக்கும் லாக்டெப்பும் நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசானும் இயக்கிய கர்னலில், ஃபைல் சிஸ்டத்தைத் தாறுமாறாக வேலை வாங்கும் எஃப்எஸ்ஸ்ட்ரெஸ்ஸை இரவு முழுக்க ஓடவிடுவேன். அங்கே ஏதாவது விழுந்தால், காலையில் முதல் வேலை அதே வரிசையை ஷிம்மில் ஒரு சோதனையாக எழுத முடியுமா என்று பார்ப்பது. முடிந்தால் இனி அது ஒவ்வொரு பில்டிலும் ஓடும்.

பேட்ச் அனுப்பும் நேரத்தில் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஷிம் வேறு ஃபோல்டரில் இருக்கிறது, கர்னல் ஃபைல் அதன் இடத்திலேயே இருக்கிறது. கிட் டிஃப் காட்டுவது அப்படியே பேட்ச்.